கலந்தர் குந்தி எழும்பிய கதை

கலந்தருக்கு வேண்டியிருந்தது லீவு. சம்பளம் கூட அதற்குப் பிறகுதான். கல்முனை ஸ்டோரில் மூடை சுமக்கிற நாட்டாமைக்கு லீவு ஒரு கேடா என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதினொரு வருஷம் நீங்களும் சுமந்திருந்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

அது அரசாங்க நெல் ஸ்டோர். சாகாமம், சவளக்கடைப் பக்கத்து வயல் நெல்லெல்லாம் லொறியிலும் உழவு மெசின் இழுக்கிற பெட்டியிலும் வந்து அங்கேதான் இறங்கும். கலந்தர் அங்கே கெசுவல். போனால் நாட்கூலி, போகாவிட்டால் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு போவான். எழுபத்தெட்டுச் சூறாவளியில் அவன் வீட்டுக் கூரை பறந்து எங்கேயோ போய்விட்டது. மூன்றாம் நாள், நனைந்த நெல்லைக் காயப் போட ஆள் வேண்டுமென்று ஸ்டோரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கூரையில்லாத வீட்டில் பெண்சாதி சுபைறாவையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போனான். அந்தக் கிழமை முழுக்க நிரந்தர நாட்டாமைகள் சம்பளத்தோடு லீவு போட்டுத் தங்கள் கூரைகளை வேய்ந்துகொண்டிருந்தார்கள். கலந்தர் ஊரார் நெல்லைக் கிண்டிக்கொண்டு நின்றான். அன்றைக்குத்தான் லீவு என்ற சொல் அவன் நெஞ்சில் விழுந்தது. விழுந்தது எழும்பவேயில்லை.

எண்பதாம் ஆண்டு பங்குனியில், பெரும்போக நெல் வந்து குவிந்த நேரம், ஸ்டோர்கீப்பர் சரீப் சுவரில் ஒரு கடதாசி ஒட்டினார். பத்துக் கெசுவலில் நாலு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு சோதனை. நெல் மூடையை நிமிர்த்தி வைப்பார்கள். ஆள் அதற்கு முதுகு காட்டிக் குந்தி, தோளுக்கு மேலால் கையை விட்டு மூடையின் மேல்மூலைக் காது இரண்டையும் பிடித்து, முதுகில் சரித்துக்கொண்டு, ஒருவரும் கை கொடுக்காமல் எழும்ப வேண்டும். பத்தடி நடந்து பலகையில் இறக்க வேண்டும். அதுவும் ஒரு தரமல்ல, மூன்று தரம்.

யார் கண்டுபிடித்த சட்டமோ! கதிரையை விட்டு எழும்ப மேசையைப் பிடிக்கிற ஆராவது ஒருவர் கொழும்பிலிருந்து எழுதியிருக்க வேண்டும். நாட்டாமை எவனாவது தனியாகக் குந்தி மூடை தூக்குவானா? இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுப்பார்கள், மூன்றாம் ஆள் முதுகைக் கொடுப்பான். காலங்காலமாக நடக்கிற வேலை அது. தூக்கிக் கொடுத்தால் கலந்தரைப் போல ஒருவன் அந்த ஸ்டோரில் இல்லை. விடியும் வெள்ளாப்பில் தொடங்கினால் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை நிறுத்தாமல் சுமப்பான். அவன் முதுகைக் கொடுக்கும்போது உரத்த குரலில் ஒரு நீட்டு நீட்டுவான்: “பிஸ்மில்லாஹிர் றஹ்மானிர் றஹீம்!” அந்தக் கடைசி ‘ஹீம்’ விழுகிற கணத்தில் மூடையும் முதுகில் விழும். தூக்கிக் கொடுக்கிறவர்களுக்கு அதுதான் தாளம்.

ஆனால் தனியாகக் குந்தி எழும்பச் சொன்னால்?

கடதாசி ஒட்டிய அன்றே ஸ்டோரின் பின்பக்கம் ஒரு மூடையை வைத்துப் பார்த்தான். நூற்றி நாற்பது றாத்தல். குந்தினான், காதைப் பிடித்தான், பாதிக்கு எழும்பினான். பிறகு முகங்குப்புறப் போனான். மூடை அவன் தலைக்கு மேலால் புரண்டு முன்னால் விழுந்தது. வயது நாற்பத்தொன்று. நிலத்தில் கிடந்தபடியே, இனி இந்த நிலத்தை விட்டு எழும்பாமலே இருந்தால் என்ன என்று யோசித்தான்.

“என்ன மச்சான், நிலத்தில எறும்பு எண்ணுறியா?”

நல்லரெத்தினம் நின்றான். பாண்டிருப்பு ஆள். இந்தக் குந்துகிற சோதனையெல்லாம் இல்லாத காலத்தில் நிரந்தரமானவன். கலந்தரோடு ஒரே நாளில் வேலைக்கு வந்தவன்தான். பலத்தில் கலந்தருக்குப் பாதி, ஆனால் கண் கூர்மை. மூடை அடுக்குகிற பொறுப்பு அவனுக்கு. எந்த அடுக்கு எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று பத்து மூடைக்கு முன்னமே சொல்லிவிடுவான்.

“எனக்கு ஏலாது நல்லரெத்தினம். முழங்கால் போயிட்டு,” என்றான் கலந்தர்.

“முழங்கால் போனா நீ நடப்பியா? முழங்கால் நல்லாத்தான் கிடக்கு. நீ எழும்புற விதம்தான் பிழை. பதினஞ்சு நாள் இருக்கு. பாப்பம்.”

கலந்தர் கடற்கரையில் பழகலாமென்றான். விழுந்தாலும் மணல்தானே, நோகாது. இரண்டு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் குந்தினார்கள். மணலில் குதிகால் புதைந்தது. ஒரு கால் புதைய மறு கால் நழுவ, கலந்தர் கள்ளுக் குடித்தவனைப் போல ஆடினான். வலை காய விட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“நாங்க ரெண்டு பேரும் மடையனுகள்,” என்றான் நல்லரெத்தினம். “விழுறதுக்கு நல்ல இடம் பாத்தம். எழும்புறதுக்கு நல்ல இடம் பாக்கல்ல.”

மூன்றாம் நாளிலிருந்து ஸ்டோரின் பின்னாலிருந்த சீமெந்துத் தரை. நல்லரெத்தினம் பக்கவாட்டில் குந்தியிருந்து, சாயப்போகிற அடுக்கைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தான். முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னான். றப்பர் செருப்பு குதிகாலில் அமுங்குகிறதாம். பிறகு காலை அகட்டச் சொன்னான். அகட்டினால் முழங்கால் இரண்டும் உள்ளுக்கு மடங்கி ஒன்றையொன்று முட்டின.

“ஏன் பொம்புளைப் புள்ளையப் போல முழங்கால ஒடுக்குறாய்? வெளியால தள்ளு.”

“தள்ளினா சாரன் விடுதில்லையே!”

அது உண்மை. கெண்டைக்கால் வரை இறங்கிய சாரன், மூட்டிய சாரன். குந்தினால் முழங்காலைக் கயிறு போட்டதுபோலப் பிடித்தது. மற்றவர்கள் தொடைக்கு மேலே மடித்துக் கட்டுவார்கள். கலந்தர் முழங்கால் தெரிய நிற்கமாட்டான். பள்ளியில் முன் வரிசையில் நிற்கிறவன், அவனுக்கு அது கூச்சம். கடைசியில் சுபைறா பழைய சாரன் ஒன்றைக் கிழித்து, முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரித் தொளதொளவென்று ஒரு களிசான் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது ஸ்டோரே சிரித்தது. சிரிக்கட்டும். முழங்கால் வெளியே போனது.

அப்படியும் பாதியில் கவிழ்ந்தான். முன்னால் குனிந்து நிலத்தைப் பார்க்கிறாய் என்றான் நல்லரெத்தினம். எதிர்ச் சுவரில் ஒரு பல்லியைக் காட்டி அதைப் பார் என்றான். பல்லி ஓடிவிட்டது. பிறகு சுவரில் கரிக்கட்டையால் ஒரு புள்ளி போட்டான். மூடை கீழே இறங்கிக் கிடக்கிறது, தோளுக்கு ஏற்று என்றான்.

“உன்ட குண்டி முந்தி எழும்புது, தலை பிந்தி எழும்புது. ரெண்டும் ஒண்டா எழும்பணும். பெருநாளைக்குப் போற புருசனும் பெண்சாதியும் போல.”

“நான் முந்திப் போவன், அவ அரை மணித்தியாலம் பிந்தித்தான் வருவா.”

“அதுதான் கவிழுறாய்.”

இப்படி ஒவ்வொன்றாய்த் திருத்தினார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது. ஒன்றும் முழுதாய் உதவவில்லை. பகல் முழுக்க லொறி இறக்கிவிட்டு, மிஞ்சிய உடம்பை வைத்துக்கொண்டு பின்னேரத்தில் குந்தி எழும்புவது என்ன விளையாட்டா? வீட்டுக்குப் போனால் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே கண் சொருகிவிடும். கக்கூசில் குந்தினால் எழும்பச் சுவரைப் பிடித்தான். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதிலிருந்து எழும்பும்போது பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு முழங்கால் நெரிந்தது. அல்லாஹ்வே, இந்த ஒரு தரம் நிரந்தரமாக்கிவிடு, ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் படுத்துக் கிடக்கிறேன் என்று துஆக் கேட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை.

இதற்குள் ஒன்றைக் கவனித்தான். ஒவ்வொரு தரமும் கவிழ்ந்தவுடன் நல்லரெத்தினம் ஏதோ சொல்ல வாயெடுப்பான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “குதிகால்” என்பான். அல்லது “புள்ளியப் பார்” என்பான். சொல்ல வந்தது அதுவல்ல என்று கலந்தருக்குத் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் பின்னேரம் ஐந்து தரம் குந்தி ஐந்து தரமும் கவிழ்ந்தான். நல்லரெத்தினம் வாயெடுத்தான், மூடினான். “குதிகால்,” என்றான்.

கலந்தருக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது.

“குதிகால் குதிகால் எண்டு கதைக்காத! என்னத்தையோ ஒளிக்கிறாய். சொல்லு. நான் தோத்துப்போனா ஒனக்குச் சந்தோசமா? நீதான் நிரந்தரமாயிட்டியே!”

நல்லரெத்தினத்தின் முகம் செத்துப்போனது.

“மூச்சு,” என்றான்.

“என்ன மூச்சு?”

“நீ எழும்பக்குள்ள பிஸ்மி சொல்லுறாய் மச்சான். நீட்டிச் சொல்லுறாய். கடைசி எழுத்துக்கு வரக்குள்ள உன்ட வயித்தில காத்து ஒரு சொட்டு இல்ல. வெறுஞ் சாக்கு மாதிரி மடியுறாய். ரெண்டு பேர் தூக்கிக் குடுக்கக்குள்ள பாரம் அவங்கட கையில கிடக்கும், அதால பறுவாயில்ல. தனிய எழும்புற ஆள் வாயை மூடிக்கிட்டுத்தான் எழும்பணும். ரெண்டாம் நாளே கண்டுட்டன்.”

“அப்ப ஏன் சொல்லல்ல?”

“எப்பிடிச் சொல்லுற? நான் வந்து ஒனக்கு அல்லாட பேரச் சொல்லாத எண்டு சொல்லுறதா? அதுவும் கச்சிமுகம்மதுட காலை நானும் கண்ணால கண்டவன்.”

கச்சிமுகம்மது என்ற பெயரைக் கேட்டதும் கலந்தர் மூடையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஏழு வருஷத்துக்கு முந்திய கதை அது. அப்போது கலந்தர் பிஸ்மியை மனசுக்குள் முணுமுணுப்பான், சில நேரம் மறந்தும் போவான். ஒரு காலை சுபைறாவோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தவன், ஒன்றும் சொல்லாமல் முதுகைக் கொடுத்தான். மூடை சறுக்கிப் பின்னால் நின்ற கச்சிமுகம்மதின் கெண்டைக்காலில் விழுந்தது. எலும்பு இரண்டாய் முறிந்தது. கச்சிமுகம்மது இப்போது சந்தையில் வெற்றிலை விற்கிறான். கலந்தரைக் கண்டால் சிரித்துக் கையசைப்பான். ஒரு நாளாவது ஏசியிருந்தால் கலந்தருக்கு ஆறியிருக்கும். அந்தச் சிரிப்புத்தான் தாங்காது. அன்றைக்குத் தொடங்கினதுதான் இந்த உரத்த பிஸ்மி. சொன்னேனா இல்லையா என்ற சந்தேகமே வரக்கூடாது, ஊரே கேட்க வேண்டும்.

“நான் விடமாட்டன்,” என்றான் கலந்தர். “நிரந்தரம் இல்லாட்டியும் பறுவாயில்ல.”

“நான் விடச் சொல்லல்லையே மச்சான்...”

கலந்தர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் சுபைறா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். சொன்னான். சினத்தோடு சொன்னான். அவள் சினக்கவில்லை. மீனை விட்டுக் கையைக் கழுவினாள்.

“இஞ்சேருங்க, நீங்க சோறு தின்னக்குள்ள எப்ப பிஸ்மி சொல்லுற?”

“முன்னுக்குத்தான். வேற எப்ப?”

“வாய்க்குள்ள சோத்த அடைஞ்சிக்கிட்டுச் சொல்லுறல்லியே? அப்ப மூடைக்கு மட்டும் என்னத்துக்கு நடுவுல சொல்லுற? குந்தி இருந்து ஆறுதலாச் சொல்லிட்டு எழும்புங்களன். முந்திச் சொன்னா அல்லாஹ்வுக்குக் கேக்காதா?”

இந்த ஏழு வருஷமும் ஒரே வீட்டில் இருக்கிறாள், இதை முன்னமே சொல்லக் கூடாதா! கலந்தர் கேட்டான். நீங்கள் மூடை தூக்குகிறதை நான் எங்கே கண்டேன் என்று சொல்லிவிட்டு அவள் மீனுக்குப் போனாள்.

மறுநாள் பின்னேரம் நல்லரெத்தினம் வருவானா என்று பயந்துகொண்டு போனான். அவன் ஏற்கனவே வந்து, மூடையை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றான். ஒருவரும் முதல்நாள் கதையை எடுக்கவில்லை. கலந்தர் குந்தினான். காதைப் பிடித்தான். கீழே இருந்தபடியே பிஸ்மியை முழுக்கச் சொன்னான். மூச்சை இழுத்து வாயை மூடினான்.

“வயிறு பெல்ட்ட முட்டட்டும்,” என்றான் நல்லரெத்தினம்.

இடுப்பில் எல்லாரையும் போல கலந்தரும் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருந்தான். வயிறு அதை முட்டியது. எழும்பினான். அட! எழும்பியே விட்டான். கவிழாமல், ஆடாமல், மூடையோடு நேராய் நின்றான். நல்லரெத்தினம் கை தட்டவில்லை. “ம்,” என்றான். அவனுக்கு அது பெரிய பாராட்டு.

ஆனாலும் பழக்கம் பொல்லாதது. ஐந்து தரத்தில் இரண்டு தரம், பாதியில் பாரம் தொடையை அமுக்குகிற நேரம் வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது. திறந்தால் காற்றுப் போகும், கவிழ்வான். சோதனைக்கு முதல் நாளும் ஒரு தரம் திறந்தது.

சோதனையன்று கொழும்பு அதிகாரி ஸ்டோருக்குள் ஒரு கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் சரீப். மற்ற வேலை நிற்கக்கூடாதென்று அந்தப் பக்கம் அடுக்கும் நடந்தது. நல்லரெத்தினம் அடுக்கின் உச்சியில் நின்றான். ஆறு பேர் முடிந்து இரண்டு பேர்தான் தேறியிருந்தார்கள். ஏழாவது கலந்தர். களிசானைக் கண்டு அதிகாரி புருவத்தைத் தூக்கினார்.

முதல் தரம் நன்றாய் எழும்பினான். இரண்டாம் தரம் தொடை நடுங்கியது, ஆனாலும் எழும்பி நடந்து இறக்கினான். மூன்றாம் தரம் குந்தும்போது கண்ணுக்குள் மின்மினி பறந்தது. காதைப் பிடித்தான், மூடையைச் சரித்தான், எழும்பினான். பாதி வந்ததும் நின்றுவிட்டான். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது. இந்தத் தரம் பிஸ்மி சொன்னேனா?

ஞாபகமில்லை. களைப்பில் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா? ஒன்றும் ஞாபகமில்லை. கச்சிமுகம்மதின் கால் நொறுங்கிய சத்தம் காதுக்குள் கேட்டது. பின்னால் ஆர் நிற்கிறார்கள்? சரீப் நிற்கிறாரா? இப்போது சொன்னால் கவிழ்வேன். சொல்லாவிட்டால்... வியர்வை கண்ணில் இறங்கியது. சுவரில் புள்ளியும் இல்லை. லீவும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று வாய் திறக்கப் போனது.

“பிஸ்மில்லாஹிர் றஹ்மானிர் றஹீம்!”

அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு குரல். ஸ்டோரின் தகரக் கூரை அதிர்ந்தது. ஒரு எழுத்துப் பிசகில்லை, நீட்டு முதற்கொண்டு கலந்தரின் நீட்டு. கலந்தரின் வாய் மூடிக்கொண்டது. சொல்லியாயிற்று. ஆரோ சொல்லிவிட்டார்கள். வயிறு போய்ப் பெல்ட்டை முட்டியது. ‘ஹீம்’ முடிந்த கணத்தில் அவன் நேராய் நின்றான். பத்தடி நடந்தான், இறக்கினான். பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“ஆர் சத்தம் போட்ட?” என்றார் அதிகாரி. “உதவி செய்யக் கூடாதெண்டு சட்டம் இருக்கு.”

“கை குடுக்கல்ல சேர்,” என்றார் சரீப். “வாய்தான் குடுத்தான். சட்டத்தில கையெண்டுதான் போட்டிருக்கு.”

அதிகாரி கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கோடு போட்டார். எட்டாவது ஆளைக் கூப்பிட்டார்.

கலந்தர் பின்பக்கம் போய்ச் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து விம்மினான். வெட்கமாய்த்தான் இருந்தது, நிறுத்த ஏலவில்லை. நல்லரெத்தினம் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினான்.

“எப்ப பாடமாக்கின நீ?”

“ஏழு வருஷமா காதுக்குள்ள கத்துறாய். நான் என்ன செவிடனா?” என்றான் நல்லரெத்தினம். “பிழையாச் சொல்லிட்டனா?”

“இல்ல மச்சான். சரியாத்தான் சொன்னாய்.”

நியமனக் கடிதம் வைகாசியில் வந்தது. கடிதம் வந்த மறுநாள் கலந்தர் நாற்பது மூடை சுமந்தான். அதே நெல், அதே நூற்றி நாற்பது றாத்தல், கொழும்புக் கையெழுத்துக்கு ஒரு றாத்தலும் குறையவில்லை. பின்னேரம் கைகால் கழுவிக்கொண்டு சரீப்பின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். நாளைக்கு ஒரு லீவு வேணும் என்றான்.

சரீப் படிவத்தை எடுத்தார். “காரணம்?”

“களைப்பு சேர்.”

“களைப்பெண்டு எழுத ஏலாதே கலந்தர். காய்ச்சல் எண்டு போடுவமா?”

“காய்ச்சல் இல்ல சேர். பொய் எழுதாதங்க.”

“அப்ப என்னதான் எழுதுற? களைப்பு எல்லாருக்கும்தானே.”

“எல்லாருக்கும்தான் சேர்,” என்றான் கலந்தர். “எனக்குப் பதினொரு வருஷக் களைப்பு. வேணுமெண்டா அப்பிடி எழுதுங்க.”

சரீப் ‘சொந்த வேலை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மையைக் காய ஊதினார்.

மறுநாள் விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து கலந்தர் பாயை விரித்தான். சுபைறா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை.

“என்ன செய்யுது ஒங்களுக்கு?”

“ஒண்டும் செய்யல்ல. லீவு.”

பாயில் குந்தினான். பழக்கத்தில் பிஸ்மி சொன்னான். இந்தத் தரம் எழும்பவில்லை. அப்படியே சரிந்து படுத்தான். சுபைறா கோழிகளை வெளியே விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.